அடியை எண்ணத் தெரிந்த பிள்ளைகள்

திண்டிவனம் வட்டத்தில் ஒரு காலனி. அங்கே மாலை நேரப் படிப்பகத்தின் மேசையில், பத்தாம் வகுப்பு வினா வங்கிகளுக்கும் அம்பேத்கர் நூல் தொகுதிகளுக்கும் நடுவே, ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா இருக்கிறது. மூடியில் எட்டுக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழுக்கு மேலும் ஒரு சிவப்பு விளக்கு. சுவிட்சைப் போட்டால் விளக்குகள் இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக எரிகின்றன. எட்டாவது முடிந்ததும் மறுபடி ஒன்று. ஒவ்வொரு விளக்கும் எரியும்போது பக்கத்திலுள்ள பழைய ஸ்பீக்கரில் ஓர் ஒலி எழுகிறது. குமிழை எவ்வளவு திருப்பியிருக்கிறோமோ அதற்கேற்ப அந்த ஒலி ஏறும், இறங்கும். முழுக்கக் குறைத்துவிட்டால் அந்த இடத்தில் மௌனம்.

மின்னணு இசையில் இதற்குச் சீக்வென்சர் என்று பெயர். ஒலிகளை எந்த வரிசையில், எந்த இடைவெளியில் எழுப்ப வேண்டும் என்று சிந்தசைசருக்குச் சொல்லும் உறுப்பு அது. அமெரிக்காவில் டான் புக்ளா, ராபர்ட் மூக் போன்றவர்கள் 1960களில் அலமாரி அளவுள்ள கருவிகளில் இதைப் பொருத்தினார்கள். இந்தியாவுக்கு மூக் சிந்தசைசர் 1969இல் வந்தது. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் அதை நிறுவினார். சில ஆண்டுகள் அங்கே பதிவுகள் நடந்தன. பிறகு அந்த அறையை ஊர் மறந்துவிட்டது. அந்த அறைக்குள் போய்க் குமிழைத் திருப்பும் வாய்ப்பு அன்றைக்கு யாருக்கு இருந்தது என்று கேட்டால் பதிலுக்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

நம் காலனி டப்பாவுக்கு அவ்வளவு பெரிய வரலாறு இல்லை. செலவு எழுநூறு ரூபாய்ச் சொச்சம். பிள்ளைகள் இதை 'அடிப்பெட்டி' என்கிறார்கள்.

செய்தவர்கள் மூன்று பேர். பெயர் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். அதே ஊரில் பிழைக்க வேண்டியவர்கள். மூத்தவர் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, செல்போன் பழுது பார்க்கும் கடையில் சம்பளத்துக்கு இருக்கிறார். அடுத்தவர் ஐடிஐ வயர்மேன். மூன்றாமவன் பிளஸ் டூ படிக்கிறான். பறையாட்டக் குழுவில் அடிக்கிறவன். அவனுடைய தாத்தா ஊர்ச் சாவுகளுக்குக் கட்டாயமாகப் பறையடித்தவர். அப்பா, 'இனி வரமாட்டோம்' என்று சொன்ன தலைமுறை. சொன்னதற்கு விலையாக அந்த வீட்டுக்கு இரண்டு போகம் ஊர் நிலத்தில் வேலை கிடையாது. இந்தக் கதை வட மாவட்டங்களில் எந்தக் காலனியில் கேட்டாலும் கிடைக்கும். தேதிதான் மாறும்.

டிப்ளமோ படித்தவரிடம், கல்லூரியிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மூணு வருஷம் படிச்சேன் அண்ணா. ஆசிலோஸ்கோப்ப பாத்திருக்கேன். தொட்டதில்ல. ஒரு மேசைக்குப் பத்துப் பேரு. முன்னாடி நிக்கிற ரெண்டு பேரு கையிலதான் எல்லாம் இருக்கும். நான் ரீடிங் எழுதுவேன். தொடாதன்னு யாரும் சொல்லல. கையில குடுக்கவும் இல்ல."

அவருடைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்தேன். கட்டம் போட்ட தாளில் அழகாக வரைந்த அலைகள். எல்லாப் பக்கத்திலும் ஆசிரியரின் கையொப்பம். அந்த அலைகளில் ஒன்றைக்கூட அவர் கை எழுப்பியதில்லை. தனிக்குவளை, செருப்பு, தெருவில் நடக்கும் உரிமை பற்றியெல்லாம் இந்தப் பத்தியில் எழுதிக்கொண்டே இருக்கிறோம். ஆய்வுக்கூட மேசையைச் சுற்றி யார் முன்னால் நிற்கிறார், யார் பின்னால் நிற்கிறார் என்பதை யாரும் எழுதுவதில்லை. அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பிரிவும் கிடையாது.

இனி பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். படிக்கிற பிள்ளைகள் யாராவது செய்து பார்க்கலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தமிழ் படித்த எனக்கே புரிந்ததால், யாருக்கும் புரியும்.

உள்ளே மூன்று ஐசிகள். மூன்றும் சேர்த்து நூறு ரூபாய்க்குள். ஒன்றின் எண் 555. ஹான்ஸ் கமன்சிண்ட் 1971இல் வடிவமைத்தது. இன்றும் உலகம் முழுவதும் பொம்மையிலிருந்து தொழிற்சாலை வரை ஓடுகிறது. இதற்கு வேலை, தாளம் தட்டுவது. ஒரு கெபாசிட்டரில் மின்சாரம் மெல்ல நிரம்பும். மூன்றில் இரண்டு பங்கு அளவை எட்டியதும் ஐசி அதை வடியவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி நிரப்பும். தொட்டியில் நீர் ஏறி இறங்குவதைப் போலத்தான். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் வெளியே ஒரு துடிப்பு. 1 மைக்ரோபாரட் கெபாசிட்டரும் 470 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலும் போட்டிருக்கிறார்கள். கண்ட்ரோலை ஒரு கோடியில் வைத்தால் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரைத் துடிப்பு, நடைபோடும் வேகம். மறுகோடியில் நொடிக்கு அறுபதுக்கு மேல். அப்போது தாளம் தாளமாகக் கேட்காது, வண்டு ரீங்காரம் மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது ஐசி 4017. இது எண்ணுகிற ஐசி. அதற்குப் பத்து வாசல்கள். ஒவ்வொரு துடிப்பு வரும்போதும் ஒரு வாசலை மூடி அடுத்ததைத் திறக்கும். எந்த நேரத்திலும் ஒன்றுதான் திறந்திருக்கும். எட்டு அடி போதும் என்பதால், ஒன்பதாவது வாசலின் கம்பியை 'முதலிலிருந்து தொடங்கு' என்று சொல்லும் 15ஆம் காலில் சேர்த்திருக்கிறார்கள். எட்டாவது அடி முடிந்து ஒன்பதாவது திறந்த கணமே எண்ணிக்கை முதலுக்குத் திரும்பிவிடும். எட்டு வாசல்களிலும் எட்டு விளக்கு, எட்டு வால்யூம் கண்ட்ரோல். அந்தக் கண்ட்ரோல்களின் நடுக்கால்கள் எல்லாம் ஒவ்வொரு டையோடு வழியாக ஒரே கம்பியில் கூடுகின்றன. டையோடு இல்லாவிட்டால் மூடியிருக்கும் ஏழு வாசல்களும் திறந்திருக்கும் ஒன்றைக் கீழே இழுத்துவிடும். அந்தக் கம்பி மூன்றாவது ஐசியான 4046இன் 9ஆம் காலுக்குப் போகிறது. அங்கே வோல்டேஜ் ஏறினால் ஒலியின் சுருதி ஏறும், இறங்கினால் இறங்கும். அவ்வளவுதான் அடிப்பெட்டி.

சொல்லும்போது அவ்வளவுதான். ஓட வைக்க இரண்டரை மாதம் ஆயிற்று. அந்த இரண்டரை மாதத்தில்தான் எழுத வேண்டிய சேதி இருக்கிறது.

முதல் பழுது வரிசையில். 4017க்குப் பதினாறு கால். முதல் அடி முதல் காலில் வரும் என்று யாரும் நினைப்பார்கள். உண்மையில் முதல் அடி 3ஆம் காலில் வருகிறது. அடுத்தது 2இல். பிறகு 4, 7, 10, 1, 5, 6, 9, 11. வீட்டு வயரிங்கில் பழகிய வயர்மேன் தம்பி, கிரவுண்டுக்கு உரிய 8ஆம் காலை மட்டும் விட்டுவிட்டு, 1, 2, 3, 4, 5, 6, 7, 9 என்று நேர்வரிசையில் இணைத்துவிட்டார். சுவிட்சைப் போட்டதும் மூன்றாவது விளக்கு எரிந்தது. பிறகு இரண்டு, நான்கு, ஏழு. அடுத்து ஒன்றும் எரியவில்லை. பிறகு ஒன்று, ஐந்து, ஆறு, எட்டு. மறுபடி இருட்டு. "கிறுக்கு ஐசி" என்று அவர் கழற்றப் போனார்.

பிளஸ் டூ பையன் தடுத்தான். அவன் விளக்கைப் பார்க்கவே இல்லை. மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். நாலு அடி, ஒரு வெற்று, நாலு அடி, ஒரு வெற்று. "கிறுக்கு இல்லண்ணா. பத்து எண்ணுது. எல்லாச் சுத்திலயும் ஒரே மாதிரி வருது. கெட்டுப் போயிருந்தா ஒரே மாதிரி வராது" என்றான்.

பழுது பார்க்கும் தொழிலின் முதல் பாடம் அது. ஒழுங்கில்லாமல் வரும் தவறு ஒன்று, ஒழுங்காக வரும் தவறு வேறு. ஒழுங்காக வந்தால் கருவி சரி, இணைத்த விதம் தப்பு. மூத்தவர் ஐசியின் விவரத் தாளைச் செல்போனில் தேடி எடுத்தார். பத்து நிமிடத்தில் கம்பிகள் இடம் மாறின. வரிசை நேரானது.

அடுத்தது பேய் பிடித்த கதை. கையைப் பெட்டிக்கு அருகில் கொண்டுபோனால் விளக்கு ஓட்டம் நிற்கும், எடுத்தால் ஓடும். சில நேரம் பாதியில் முதலுக்குத் தாவும். படிப்பகத்துச் சிறுவர்கள் இதைப் பார்க்கவே வரிசையில் நின்றார்கள். காரணம் எளிது. இந்த வகை ஐசியில் பயன்படுத்தாத உள்ளீட்டுக் கால்களைச் சும்மா விடக் கூடாது. 13ஆம் கால், எண்ணுவதை நிறுத்தி வைக்கும் கால். அதைக் கிரவுண்டில் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டிருந்தார்கள். சோதனைக்காகக் கழற்றிய 15ஆம் காலும் அந்தரத்தில் தொங்கியது. அந்தரத்தில் நிற்கும் கால், கையிலிருந்தும் பக்கத்துச் சுவரின் வயரிலிருந்தும் வரும் மின் அதிர்வை எல்லாம் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். 13ஐக் கிரவுண்டில் கட்டி, 15இலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டரும் போட்டதும் பேய் போனது.

ஆறாவது அடி ஊமையாக இருந்தது, டையோடைத் தலைகீழாக வைத்ததால். கோடு போட்ட பக்கம் வெளியே பார்க்க வேண்டும். இரண்டு இடத்தில் ஈயம் ஒட்டியது போல் தெரிந்தது, ஒட்டவில்லை. சால்டரிங் இரும்பை முதலில் கம்பியில் வைத்துச் சூடாக்கி, பிறகு ஈயத்தைக் காட்ட வேண்டும். இரும்பில் ஈயத்தை உருக்கிச் சொட்டவிட்டால் அது உருண்டு உட்காரும், பிடிக்காது. இவையெல்லாம் அன்றாடப் பழுதுகள். செல்போன் கடைக்காரர் ஒரு மாலையில் முடித்தார்.

மூன்றாவது பழுதுதான் எல்லாரையும் படுத்தியது. எல்லாம் ஓடுகிறது, விளக்கு வரிசையாக வருகிறது, ஒலி வருகிறது. மூத்தவர் மல்டிமீட்டரில் கால் காலாக அளந்தார். வோல்டேஜ் எல்லாம் சரி. வயர்மேன் தம்பி பெட்டியை மூடித் திருகாணி போட்டுவிட்டார். பறை அடிக்கும் பையன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "விழுங்குது" என்றான்.

என்ன விழுங்குகிறது?

"எப்பவாச்சும் ஒண்ண விழுங்குது. நாலு சுத்து சரியா வருது. அஞ்சாவது சுத்துல ஏழுதான் இருக்கு. மறுபடி சரியாகுது."

வேகமாக ஓடும்போது விளக்கைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கண் ஏமாறும். மல்டிமீட்டரும் பிடிக்காது. அது மெதுவான கருவி. ஆசிலோஸ்கோப் இருந்தால் பிடிக்கும். அதற்குத்தான் எங்கே போவது? மூத்தவர் நம்பவில்லை. செல்போனில் மூன்று நிமிடம் ஒலிப்பதிவு செய்து, கணினி மையத்தில் போட்டு, அலையைப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தார்கள். பையன் காகிதத்தில் குறித்திருந்த சுற்றுகளில்தான் ஏழு இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

அதற்குப் பிறகு காரணத்தைப் பிடிப்பது எளிதாகிவிட்டது. சாதாரண 555, தன் வெளியீட்டை மாற்றும் ஒவ்வொரு கணமும் மின்சாரத்தைச் சட்டென்று ஒரு மிடறு இழுக்கும். பழைய அடாப்டர், நீளமான மெல்லிய கம்பி. அந்த மிடறில் பெட்டி முழுதும் வோல்டேஜ் ஒரு கணம் தளும்பும். பக்கத்திலிருக்கும் 4017 அந்தத் தளும்பலை இன்னொரு துடிப்பு என்று எண்ணிவிடும். ஒன்றுக்குப் பதில் இரண்டு படி தாவும். நமக்கு ஓர் அடி விழுங்கியதாகக் கேட்கிறது. மருந்து, 4017இன் 16ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் குறுக்கே, ஐசியை ஒட்டியே, 0.1 மைக்ரோபாரட் கெபாசிட்டர் ஒன்று. 555 பக்கத்தில் 100 மைக்ரோபாரட் ஒன்று. சிறியது இரண்டு ரூபாய். பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் இருப்பு வைத்த மாதிரி, சட்டென்று தேவைப்படும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். போட்டார்கள். பையன் கால் மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டான். "இப்ப சரி" என்றான். அப்புறம்தான் மூடிக்குத் திருகாணி.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது நல்ல மனம் கொண்ட ஒரு பெரியவர், "அவங்களுக்கு ரத்தத்துலயே இருக்கு தாளம்" என்று பாராட்டினார். இந்தப் பாராட்டை நாம் ஏற்கக் கூடாது. ரத்தத்தில் இருப்பதாகச் சொன்னால் அது பிறப்பால் வந்தது. பிறப்பால் வந்தால் அது கடமை. கடமையென்றால் கூலி கேட்கக் கூடாது, மறுக்கக் கூடாது. தாத்தாவைச் சாவு வீட்டு வாசலில் நிறுத்தியது இந்த ரத்தக் கணக்குதான். அந்தப் பையன் எட்டு வயதிலிருந்து குழுவின் ஆசானிடம் அடி வாங்கிக் கற்றவன். தொடையில் தட்டி எண்ணுவான், தப்பினால் மறுபடி முதலிலிருந்து. பத்தாண்டுப் பயிற்சி அது. சபாவில் மிருதங்கம் வாசிக்கிறவரின் பத்தாண்டை 'சாதகம்' என்கிறோம். இவனுடைய பத்தாண்டுக்கு ரத்தம் என்று பெயர் வைக்கிறோம்.

தமிழ் வகுப்பில் தொல்காப்பியக் கருப்பொருள் பட்டியலை நடத்துவார்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், உணவு, மரம் என்று வரிசை சொல்லும்போது பறையும் அதில் வரும். ஐந்து நிலத்துக்கும் பறை உண்டு. தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா. பறை என்றால் சொல், அறிவி என்றும் பொருள் எழுதுவோம். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் அந்தச் சொல்லே வசைச் சொல்லாகிவிடும். 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனாலும் அடியை எண்ணுவது ஓர் அறிவு, அதை மின்சுற்றிலும் பயன்படுத்தலாம், தொழிலாக்கலாம் என்று எந்தப் பள்ளியும் இன்னும் சொல்லவில்லை.

வேறு நாட்டில் சொல்லாமலே செய்துகாட்டியிருக்கிறார்கள். 1980இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிஆர்-808 என்ற தாளப்பெட்டியை வெளியிட்டது. பதினாறு படி கொண்ட சீக்வென்சர் அதன் உயிர். உண்மையான டிரம் போல ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கினார்கள். ஏறத்தாழ 12,000 பெட்டிகளோடு 1983இல் தயாரிப்பு நின்றது. டிபி-303 என்ற இன்னொரு பெட்டி, துணைக்கு ஆள் இல்லாத கிதார்க்காரர்களுக்காகச் செய்தது. அதுவும் விலைபோகவில்லை. இரண்டும் பழைய பொருள் கடைகளுக்கு வந்தன. அங்கே அவற்றை எடுத்தவர்களில் டெட்ராய்ட், சிகாகோ நகரங்களின் கறுப்பின இளைஞர்கள் முக்கியமானவர்கள். டெட்ராய்ட்டில் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் டெக்னோ என்று பின்னர் உலகம் அழைத்த இசையைத் தொடங்கினார்கள். மூவரும் பள்ளித் தோழர்கள். சிகாகோவில் ஃபியூச்சர் குழு 303இன் குமிழ்களை யாரும் திருப்பாத அளவுக்குத் திருப்பி 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' வெளியிட்டது. ஒதுக்கப்பட்ட பெட்டி, ஒதுக்கப்பட்டவர் கையில் புதிதாய்ப் பேசியது. கார் தொழிற்சாலைகள் மூடி வேலையிழந்த நகரம் அது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1972இல் மும்பையில் தலித் பாந்தர்கள் தங்கள் பெயரை அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். எழுத்தில், அரசியலில் எடுத்தோம். பட்டறையில் எடுத்தோமா?

குழுவில் மூத்த கலைஞர்கள் சிலருக்கு அடிப்பெட்டி மேல் சந்தேகம் இருந்தது. நியாயமான சந்தேகம். கோயில்களில் பூசை நேரத்தில் மோட்டாரில் ஓடும் முரசு-மணி இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். சுழலும் தண்டு குச்சியைத் தூக்கித் தூக்கி விடும். அதுவும் ஒருவகை சீக்வென்சர்தான், மின்சுற்றுக்குப் பதில் இரும்பு. அடிக்க ஆள் தேவையில்லாமல் போயிற்று. சாவுகளுக்கும் இப்போது பேண்டு செட், டிஜே. கிடைத்த கூலியும் போய்விடுமோ என்பது அவர்கள் கேள்வி. ஒரு மூத்தவர் மட்டும் பெட்டியை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத எழவு வீட்டுக்கு அனுப்பு. அது அடிக்கட்டும். நான் மேடையில அடிக்கிறேன்." எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பெட்டி பறையின் இடத்தைப் பிடிக்காது என்பது ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது. வைக்கோல் நெருப்பில் காய்ச்சிய தோலின் முழக்கம் எங்கே, ஸ்பீக்கரின் கீச்சுக் குரல் எங்கே. பெட்டி வேறு விதத்தில் உதவுகிறது. புதிதாகச் சேரும் சிறுவர்கள் அதன் எதிரே உட்கார்ந்து எண்ணிப் பழகுகிறார்கள். எட்டாவது வாசலிலிருந்து 6ஆம் காலில் வரும் கம்பியை 15ஆம் காலில் மாற்றிக் கட்டினால் சுற்று ஏழாகிவிடும். அதற்கு இப்போது ஒரு திருகு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, எது வேண்டுமோ அது. ஏழு அடிச் சுற்றைக் கச்சேரி மொழியில் மிஸ்ரம் என்பார்கள் என்று நான் சொன்னேன். பையன், "எங்க ஆசான் அதுக்குப் பேரு வைக்கல, தட்டித்தான் காட்டுவாரு" என்றான்.

மூத்தவர் இப்போது கடையில் எண்ணும் ஐசி, தாள ஐசி உள்ள பழைய போர்டுகளைத் தூக்கி எறிய விடுவதில்லை. வயர்மேன் தம்பி, ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கும் ஐந்து மாணவர்களுக்கு ஞாயிறுதோறும் சால்டரிங் சொல்லித் தருகிறார். விடுதியில் இதற்கென்று ஒரு மேசைகூடக் கிடையாது. ஒரு மல்டிமீட்டர், இரண்டு சால்டரிங் இரும்பு, ஒரு பெட்டி உதிரிப்பொருள், எல்லாம் சேர்த்து இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். விடுதிக் காப்பாளரிடம் மனு கொடுத்திருக்கிறோம். மாவட்ட அலுவலகத்துக்கும் நகல் போயிருக்கிறது. ஒரு விடுதிக்கு ஒரு மேசை, மேசைக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது. அந்த இரண்டாவது வரியை மனுவில் சேர்க்கச் சொன்னது டிப்ளமோ படித்தவர்.

பெட்டியில் இன்னும் ஒரு வேலை பாக்கி. அதன் அடிகள் எல்லாம் ஒரே இடைவெளியில் விழுகின்றன. பறையில் அப்படி விழுவதில்லை, ஐந்தாவது அடி ஒரு மயிரிழை தள்ளி விழுந்தால்தான் ஆட்டக்காரரின் கால் எழும் என்கிறான் பையன். 555இன் 5ஆம் காலில் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினால் கெபாசிட்டர் நிரம்ப நேரம் கூடும், துடிப்பு நீளும். ஐந்தாவது அடி தள்ளி விழ வேண்டுமானால் நான்காவது படியை நீட்ட வேண்டும். நான்காவது வாசலிலிருந்து ஒரு டையோடு, ஒரு ரெசிஸ்டர் வழியாக 5ஆம் காலுக்குக் கம்பி இழுத்தார்கள். 47 கிலோ ஓம் போட்டதில் வித்தியாசம் தெரியவில்லை. 10 போட்டால் நொண்டியது. 22இல் பையன் தலையை ஆட்டினான். இரண்டு சுற்று கேட்டுவிட்டு மறுபடி நிறுத்தச் சொன்னான். "தள்ளுன கடன அடுத்த அடியில கட்டணும்ல. இல்லன்னா சுத்து நீண்டுபோவுது."

அதாவது ஐந்தாவது படி அதே அளவு குறுக வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் 5ஆம் காலைக் கீழே இழுக்க ஒரு டிரான்சிஸ்டர் தேவை. செத்துப்போன டிவி போர்டு ஒன்றிலிருந்து பிசி 547 ஒன்றைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். அதற்குப் போட வேண்டிய ரெசிஸ்டரின் அளவை ஞாயிற்றுக்கிழமை பையன் காதால் கேட்டுச் சொல்வான்.